மலையிலும் ஒரு கடைமடை

"அவ்வளவு துன்பம் என்றால், அவர்கள் கீழே இறங்கி வந்துவிடக் கூடாதா, ஐயா?"

வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வரிச்சிக்குடியிலே பிறந்தவன். அவன் கண்ட உயர்ந்த நிலம் வாய்க்கால் கரை. மேடு என்றால் அவனுக்குக் களத்துமேடு; ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம். கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், வயலுக்கு அப்பால் கடல். அதுவே அவன் உலகம். நாம் வளர்ந்த உலகமும் அதுவேதான்.

அன்றைய பாடம் தமிழகத்தின் மலைகள். சவ்வாது, கல்வராயன், சேர்வராயன், சித்தேரி, கொல்லி, பச்சை எனப் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். பெயர்களை ஒப்புவிப்பது மட்டுமே பாடமாகுமா? அங்கே மாந்தர் வாழ்கின்றனரே, அவர்தம் வாழ்வையும் சொல்ல வேண்டாமா? சொன்னோம். 2023ஆம் ஆண்டு மே திங்களில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியைச் சேர்ந்த அல்லேரி மலையிலே நடந்ததைச் சொன்னோம். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வண்டிப் பாதை இல்லை. குழந்தை இறந்தது. உடற்கூறு ஆய்வு முடிந்து, உடலை ஏற்றி வந்த வண்டியும் பாதை முடிந்த இடத்திலே நின்றுவிட்டது. பெற்றவள் தன் பிள்ளையின் உடலைக் கையிலே ஏந்திக்கொண்டு மலைமீது நடந்தாள்.

வகுப்பு ஊமையாயிற்று. அந்த அமைதியிலேதான் அவ்வினா எழுந்தது. அதிலே ஏளனம் இல்லை, இரக்கமே இருந்தது. ஆனாலும் நாம் உடனே விடை சொல்லவில்லை, சொல்ல இயலவில்லை. ஏனெனில், பிள்ளை இரக்கத்தோடு கேட்டதைப் பெரியவர்கள் எரிச்சலோடு கேட்பதை நாம் பலமுறை செவிமடுத்திருக்கிறோம். "யார் இவர்களை அங்கே போய் இருக்கச் சொன்னது?" என்கிறார்கள். இந்த வினாவைத்தான் இன்று நிறுத்தி வைத்து விசாரிக்க விரும்புகிறோம்.

'இறங்கி வரட்டுமே' என்பவர் உள்ளத்திலே இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. குற்றவாளி மலை என்பது ஒன்று. கீழே அவர்களுக்கு இடமும் வாழ்வும் காத்திருக்கின்றன என்பது மற்றொன்று. இரண்டும் மெய்தானா?

முதலில் மலையைக் கூண்டிலே ஏற்றுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் இரயில் ஏறியது. 1908இல் அது உதகை வரை சென்றது. 46 கிலோமீட்டர் தொலைவு, 16 குகைகள், 250 பாலங்கள், சக்கரம் வழுக்காதிருக்கப் பல் வைத்த தண்டவாளம். கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டர் உயரம்! எதற்காக இவ்வளவு பாடு? சென்னை ஆட்சியின் கோடைத் தலைநகர் உதகை. வெள்ளைத் துரைமார்க்குச் சென்னை வெயில் ஆகாது. அவ்வளவே காரணம். மலை தடுத்ததா? இல்லை. வெயில் பொறாதவர்க்கு மலை குனிந்து கொடுத்தது. நஞ்சு பொறாத குழந்தைக்கு மட்டும் நிமிர்ந்தே நிற்கிறது! நூறாண்டுக்கு முன்பு பணிந்த பாறை இன்று பணியாதா? பாறையிலே வேறுபாடு இல்லை; யாருக்காக உடைப்பது என்பதிலேதான் வேறுபாடு.

தேர்தல் காட்சியையும் காணுங்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரத்தை அடுத்த கோட்டூர் மலைக்கு, 2021லும் 2024லும் வாக்குப்பதிவுப் பொருள்களைக் கழுதைகள் சுமந்து ஏறின. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்குத் தலைச்சுமையாகச் சென்றன. இதனை இகழ மாட்டோம், வாழ்த்துகிறோம். வாக்காளர் எவரும் வாக்களிக்க இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. மலையுச்சியிலே இருக்கும் மூதாட்டியின் ஒரு வாக்கும், மாளிகையிலே இருப்பவரின் ஒரு வாக்கும் ஒன்றே என்பதற்கு அந்தக் கழுதையின் குளம்படி சான்று. ஆனால், வாக்குக்காக ஏறிய கால்கள் மருந்துக்காக ஏன் ஏறவில்லை? வாக்குச்சாவடிக்கு வகுத்த இரண்டு கிலோமீட்டர் நெறியை மகப்பேற்றுக்கு வகுத்தோமா? பள்ளிக்கூடத்திற்கு, பாம்புக்கடி மருந்துக்கு வகுத்தோமா? அரசியலிலே சமன்மை, வாழ்விலே சமனின்மை என்னும் முரண்பாட்டுக்குள் நாடு நுழையப் போகிறது என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலே அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த முரண்பாட்டைக் கண்ணால் காண விரும்புவோர் கோட்டூர் மலைப் பாதையிலே நடந்தால் போதும்.

அதிகாரத்திற்கு வழி தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி ஊருக்குள், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்கள் 18 பேர் சிதைக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புரைத்தது 2011 செப்டம்பரில். உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். அடக்குமுறை வந்து சேர ஒரு நாள் போதும். நீதி வந்து சேர 19 ஆண்டுகள் வேண்டும்! பாதை இல்லை என்பது யாருக்கு? எதற்கு?

இனி, கீழே காத்திருக்கும் வாழ்வைப் பார்ப்போம். இம்மலைகளில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்பது பெயரின் பொருள். கேரளத்தார் அல்லர், பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்களைச் சட்டம் எப்படிக் காண்கிறது? தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களின் பெயர் சொல்லி அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய கோவை மாவட்டம் அதிலே இடம்பெறவில்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்தது ஈரோடு. விளைவு என்ன? பர்கூர் மலையிலே வாழும் மலையாளிக்கு அந்தச் சான்று மறுக்கப்பட்டது. அதே குலம், அதே மொழி, அதே மலைத்தொடர். மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் பழங்குடி, இந்தப் பக்கம் அல்லர்! மலை பிரிக்காத மக்களை மாவட்டக் கோடு பிரித்தது.

சரி, இறங்கித்தான் வந்தார்கள், பிழைப்புத் தேடி வந்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லித் தமிழர் 20 பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மாண்டவர்களில் சவ்வாது மலை முதலான இடங்களைச் சேர்ந்த மலைமக்கள் பலர். மரத்தால் கொழுத்தவன் எங்கோ இருந்தான். கோடரி பிடித்த கூலி மண்ணிலே சாய்ந்தான். 'இறங்கி வா' என்கிறோமே, எங்கே? நிலம் இல்லை, தொழில் இல்லை, வீடு இல்லை. இருக்கும் மண்ணையும் விட்டுவிட்டு வா என்பது அறிவுரையா, நாடு கடத்தலா?

இங்கே ஒரு முணுமுணுப்பு எழும். போதமலையின் மூன்று சிற்றூர்களுக்கு, ஏறத்தாழ 140 கோடி ரூபாயில் 31 கிலோமீட்டர் சாலை போடத் திட்டம் வகுத்த செய்தி வந்தபோது நாமே கேட்டது அது. "விரல் விட்டு எண்ணத்தக்க குடும்பங்களுக்கு இத்தனை கோடியா?" என்றார் நண்பரொருவர். தீய உள்ளத்தவர் அல்லர், கணக்குத் தெரிந்தவர். அவருக்கு நம் ஊர்க் கணக்கையே விடையாகச் சொன்னோம்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007இல் நடுவர் மன்றம் பங்கிட்ட நீர் 740 டி.எம்.சி. அதிலே நம் பங்கு 7. நூற்றில் ஒன்று கூட இல்லை! 2018இல் உச்சநீதிமன்றமும் அந்த ஏழைக் குறைக்கவில்லை. "சின்னஞ்சிறு நிலப்பகுதிக்கு இத்தனை தொலைவு நீரை ஓட்டுவானேன்? வழியிலே வற்றுவது எவ்வளவு, வாய்க்கால் செலவு எவ்வளவு?" என்று எவரேனும் கேட்டால் நாம் ஒப்புவோமா? கொதித்து எழமாட்டோமா? தலைமடை நிரம்பி வழிந்தாலும், கடைமடை வயல் நனைந்தால்தான் ஆற்றில் தண்ணீர் வந்ததாகப் பொருள் என்பது உழவன் கண்ட அறம். ஆட்சித் தலைநகராம் புதுச்சேரிக்குச் செல்ல அயல் மாநில மண்ணைக் கடந்து போகும் நமக்கு, தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கு மட்டுமன்று என்று எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆற்று நீருக்குக் கடைமடை கீழே இருக்கிறது. அரசின் அருளுக்கோ கடைமடை மேலே இருக்கிறது. தனக்கொரு நீதி, மலைக்கொரு நீதி என்று கடைமடைக்காரன் பேசலாமா?

இன்னோர் எதிர்வாதம் உண்டு. அது எளிதிலே தள்ளத்தக்கதன்று. சாலை போட்டால் காடு அழியும். மருந்து ஏறும் பாதையிலே மதுவும், மரக்கள்வனும், மனை வணிகனும் ஏறுவர் என்கிறார்கள். உண்மை. சேர்வராயன் மலையிலே பாதை ஏறியது, காப்பித் தோட்டம் ஏறியது. மலைக்குரியவர் தோட்டக் கூலிகளாயினர். ஆகவே, பாதை வந்தால் எல்லாம் வந்துவிடும் என்று நாம் பாட்டுப் பாடமாட்டோம். ஆனால் இதற்கு விடை, பாதையே கூடாது என்பதன்று. பாதையைப் பற்றி முடிவு செய்வது யார் என்பதே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்றவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்குக் குறைவான காட்டு நிலம் தரலாம்; எக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது; கிராமசபையின் பரிந்துரை வேண்டும். காட்டுக்கும் காப்பு, மக்களுக்கும் மதிப்பு. பாதை பிச்சையாக வந்தால் கொடுப்பவன் சொன்ன பக்கம் வளையும். உரிமையாக வந்தால் நடப்பவன் சொன்ன பக்கம் செல்லும்.

தோழர்களே! தலைவிதி என்று எவரேனும் சொன்னால் நாம் சினந்து எழுகிறோம். எழுதியவன் யார், ஏடு எங்கே என்று மடக்குகிறோம். ஆனால், 'அது தொலைதூர மலை, அங்கே அப்படித்தான்' என்று சொன்னால் தலையாட்டி விடுகிறோம்! தலையிலே எழுதியதை நம்பாத நாம், நிலத்திலே எழுதியதாகச் சொன்னால் நம்புகிறோம். பெயர் மாற்றிக்கொண்டு வந்த விதியல்லவா அது? பகுத்தறிவு கோயில் வாயிலிலே மட்டும் கேள்வி கேட்டுவிட்டு, நிலப்படத்தின் முன்னே கைகட்டி நின்றால் அது பாதி அறிவே. பின்தங்கிய ஊர் என்கிறோம். ஊர் தானாகப் பின்தங்குவதில்லை. விட்டுவிட்டு முன்னே போனவர்கள் இருக்கிறார்கள்.

கடன் கணக்கையும் ஒரு கணம் புரட்டுவோம். பாம்பின் நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து நஞ்சு முறிவு மருந்தை எடுக்கின்றனர். அந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலே, 1978 முதல் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து நஞ்செடுத்துக் கொடுக்கிறது. நாடெங்கும் உயிர் காக்கும் மருந்துக்கு அதுவே மூலம். சமவெளியின் உயிரைக் காக்க நஞ்சோடு விளையாடுபவர் பழங்குடியினர். அம்மருந்து கைக்கெட்டாமல் மாய்ந்ததோ மலைக் குழந்தை! யார் யாருக்குக் கடன்பட்டவர்?

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். அந்த மாணவனை அழைத்து, 2004 டிசம்பர் 26ஐப் பற்றிச் சொன்னோம். நாம் சிறு பிள்ளையாய் இருந்த நாள். அவன் பிறந்திராத நாள். நம் காரைக்கால் கடலோரம் நூற்றுக்கணக்கான உயிர்களை ஒரே காலையில் இழந்தது. எங்கெங்கிருந்தோ சோறு வந்தது, துணி வந்தது, மருந்து வந்தது. பிணத்தைத் தூக்க முன்பின் அறியாத கைகள் வந்தன. மலைநாட்டாரும் வந்திருப்பர். "கடலோரத்தில் ஏன் குடியிருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டா அவர்கள் சோற்றை இறக்கினார்கள்?

பிள்ளை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அங்கே பாதை போட நாம் யாரிடம் கேட்க வேண்டும், ஐயா?" என்றான்.

கரும்பலகையிலே முதல்நாள் வினாவைத் திருத்தி எழுதினோம். 'அவர்கள் ஏன் இறங்கி வரவில்லை?' என்பது போய், 'நாம் ஏன் இன்னும் ஏறிச் செல்லவில்லை?' என்றாயிற்று. இந்த வினாவுக்கு விடை எழுத வேண்டியவர்கள் மாணவர்கள் அல்லர்.