எட்டு கிராம் பருப்பு

வடசென்னையின் எர்ணாவூரில் மாதச் சம்பள வீடும் உண்டு, வாரக்கூலி வீடும் உண்டு, கடலுக்குப் போனால்தான் காசு என்றிருக்கும் வீடும் உண்டு. மூன்று வீட்டுக்காரரும் ஒரே தெருமுனை அண்ணாச்சி கடையில்தான் நிற்கிறார்கள். ஆனால் மளிகைச் செலவைக் குறைக்கப் பத்திரிகைகளும் யூடியூப் காணொலிகளும் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் முதல் வீட்டை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஒன்றாம் தேதி பட்டியல் போடுங்கள், மூட்டையாக வாங்குங்கள், தள்ளுபடி வரும்வரை பொறுத்திருங்கள். மூன்றுமே நல்ல யோசனைகள்தான். மூன்றுக்கும் கையில் ரொக்கம் வேண்டும்.

அரிசியையே எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. பல ஆலைகள் உடனே 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கின. அதற்கு வரி கிடையாது. ஒரே தடவையில் முழுச் சிப்பத்துக்கும் பணம் எண்ணி வைக்க முடிந்தவருக்கு வரி மிச்சம். ஐந்து கிலோ பை வாங்குகிறவர் வரியோடு வாங்குகிறார். அண்ணாச்சி கடைகள் சிப்பத்தைப் பிரித்து ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று எடை போட்டுத் தருவதால்தான் அந்த மிச்சத்தில் கொஞ்சமாவது சிறு வாங்கலுக்கும் வந்து சேர்கிறது.

இல்லாதவன்தான் அதிக விலை கொடுக்கிறான் என்பது எர்ணாவூருக்கு மட்டுமான கதை அல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் கேப்லோவிட்ஸ் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களைத் தவணையில் வாங்கும் விதத்தை ஆராய்ந்து, 1963-இல் இதையே ஒரு நூலாக எழுதினார். ரொக்கம் இல்லாததற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கடைக்காரர் பொருளின் விலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார்.

கடன் நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, பேரமும் பேசுவதில்லை. பக்கத்துக் கடையில் எண்ணெய் மலிவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஏமாளித்தனமாகத் தெரியும். ஆனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வேலையையும் கூலியையும் சேர்த்து முடக்கியபோதும், உலை கொதிக்க வைப்பது அந்த நோட்டுதான். கிலோவுக்குக் கூடப் போகும் சில ரூபாய், கெட்ட மாதத்துக்காக முன்கூட்டியே கட்டும் காப்பீடு. அதை வீண்செலவுக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

இந்தச் சிக்கலுக்குக் கூட்டுறவு ஒரு விடை சொன்னது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து, மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்று சில பொருள்களோடு ஒரு கடை திறந்தார்கள். கலப்படம் கிடையாது, கடனும் கிடையாது. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக்கொண்டார்கள். அறுபது ஆண்டு கழித்து, 1904-இல், அதே வழியில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இந்து உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ரொக்கத்துக்கு மட்டுமே விற்கும் கடை மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் பொருந்தும். அன்றாடங்காய்ச்சி வீட்டுக்கு அது எட்டுவது கடினம். பிற்பாடு கூட்டுறவுச் சங்கங்கள் ரேஷன் கடைகளை நடத்த வந்தபோதுதான் அந்தப் பலன் உண்மையில் கீழே இறங்கியது.

ரேஷனை விட்டுவிட்டு எர்ணாவூரின் சிக்கனத்தைப் பேச முடியாது. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். 2007-இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்படி துவரம்பருப்பும் பாமாயிலும் உண்டு. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பு நூறைத் தாண்டும். ரேஷன் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காத வீடுகள்கூட அதை இட்லி மாவுக்கு ஊறப்போடுகின்றன; மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் பொன்னி. இது எந்தக் காணொலியும் சொல்லித் தராமலே பெண்கள் கண்டுபிடித்துக்கொண்ட வழி. ஆனால் 2024 மே மாதம் நடந்ததுபோல் பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்து சேராமல், அந்த மாதத்துப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தால் எல்லாக் கணக்கும் குலைந்துபோகும். சம்பளக்கார வீட்டுக்கு அது ஒரு மாதத் தாமதம்தான். கூலிக்கார வீடு அதே பருப்பை அந்த மாதம் பல மடங்கு விலைக்கு வெளியில் வாங்கும், இல்லையென்றால் வாங்காது.

தொகை எவ்வளவு முக்கியமோ, தேதியும் அவ்வளவு முக்கியம். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய், மாத நடுவில் கைக்கு வருகிறது. கைப்பணம் தீர்ந்து கடன் நோட்டு நீளத் தொடங்கும் நாட்கள் அவை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது தூரத்தைக் குறைத்தது. சுனாமிக்குப் பின் கடலோரக் குப்பங்களிலிருந்து எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்கு வந்தவர்களுக்குக் காசிமேட்டு மீன்சந்தை மறுபடி கிட்டத்தில் வந்தது. மீன் மலிவாக வாங்கி, அந்த மிச்சத்தை டிக்கெட்டுக்குக் கொடுத்துத் திரும்பும் நிலை மாறியது.

இவ்வளவு வழி இருந்தும் கணக்கு இடிக்கும் நாட்கள் உண்டு. அன்று எங்கிருந்து மிச்சம் பிடிக்கிறார்கள்? கணவருக்கு வைக்கும் மீன் துண்டிலிருந்து இல்லை, பிள்ளைக்கு வைக்கும் முட்டையிலிருந்தும் இல்லை. கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொள்கிறவர் தட்டிலிருந்துதான். அந்தச் சேமிப்பு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. கடைசித் தட்டும் அவற்றில் ஒன்று. வீட்டுச் செலவைச் சாமர்த்தியமாகக் குறைத்தாள் என்று ஒரு பெண்ணைப் புகழும் முன் அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டும்.

ரேஷன் பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அதை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. எட்டுக்கும் எண்பத்தைந்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை எர்ணாவூர் காலங்காலமாக மீனைக்கொண்டு நிரப்பியது: கடலிலிருந்து காரப்பொடி, நெத்திலி, மத்தி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலிருந்து இறால், நண்டு, மடவை, தடைக்காலத்தில் கருவாடு. கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த மலிவான புரதம் அது. அனல்மின் நிலையச் சாம்பல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அதன்மேல் படர்ந்தது. அப்போது பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. மீனவருக்கு வருமானம் போனது பேசப்பட்டது, நிவாரணமும் அறிவிக்கப்பட்டது. மீன் வாங்கிச் சமைத்த அடுப்புகளில் என்ன குறைந்தது என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அட்டைக்கு ஒரு கிலோ என்பதை ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றுவதை அரசு செய்யலாம்; அரிசிக்கு ஆள் எண்ணிக்கை பார்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. முகத்துவாரத்தைத் தூர்வாரிச் சுத்தம் செய்யும் வேலையையும் எர்ணாவூர்ப் பெண்களின் சமையல் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.