சுவையும் விரயமும்

வெளிநாட்டுப் பயணத்தில் பெருஞ்செலவு செய்து அருஞ்சுவை உண்பது விரயமாகுமா? இவ்வினா இன்று நம் இல்லங்களிலும் எழுகிறது.

இத்தாலியின் மோதெனா நகரில் மாஸிமோ பொட்டூரா 1995-இல் தொடங்கிய 'ஒஸ்தேரியா ஃபிரான்செஸ்கானா' உணவகத்தில் மேசைகள் 12 மட்டுமே. ஓரிரு கவளமே கொண்ட சிறு தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மதுவும் பன்றியிறைச்சியும் நமக்கு விலக்கு, அதில் ஐயமில்லை. ஐயம் விலையைப் பற்றியதே. தட்டில் மிச்சமில்லை, ஆகவே விரயமில்லை எனலாமா?

அதே பொட்டூரா 2015-இல், மிலான் உலகப் பொருட்காட்சியின்போது, கைவிடப்பட்ட நாடக அரங்கொன்றை ஏழைகளின் உணவுக்கூடமாக்கினார். பொருட்காட்சியில் மிஞ்சிய ரொட்டியும் காய்கனிகளும் கைதேர்ந்தோர் கையால் நல்லுணவாயின. வீடற்றோர் விருந்தினராய் மேசையில் அமர்ந்தனர்.

சுவை குற்றமன்று, அது இறைவனின் அருட்கொடை. அது பணம் படைத்தோர்க்கே உரியது என எண்ணுவதே குற்றம். நம் திருமண விருந்துகளில் சட்டி சட்டியாய்க் கொட்டப்படும் பிரியாணியை மறந்து, மோதெனாவின் சிறு தட்டைப் பழிப்பது நேர்மையாகாது. பயணத்தில் நாம் தாராளமாய்ச் சுவைக்கலாம். புறப்படுமுன் அண்டை வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதை மட்டும் அறிந்துகொள்வோம்.