விலங்கின் குரலும் எழுத்தின் ஒலியும்

குழந்தைக்கு எழுத்தறிவிக்க விலங்குகளைத் துணைக்கு அழைத்த ஐரோப்பிய நூல்களில் பெரும்புகழ் பெற்றது, யான் ஆமோஸ் கொமேனியுஸ் எழுதிய ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’. 1658இல் நியூரம்பெர்க்கில் இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அச்சாகி வெளிவந்த படநூல் அது. மறு ஆண்டே சார்லஸ் ஹூல் அதை ஆங்கிலத்தில் தந்தார். ஆசிரியரும் சிறுவனும் பேசிக்கொள்ளும் முகப்புரையை ஒட்டி ஓர் அரிச்சுவடி வருகிறது. எழுத்துக்கு ஒரு சிறு மரச்செதுக்குப் படம். பக்கத்தில் அந்த உயிர் எழுப்பும் ஒலி. காக்கை ‘ஆ ஆ’ என்று கரைந்து இலத்தீனின் முதல் எழுத்தைத் தருகிறது. ஆட்டுக்குட்டி ‘பே’ என்கிறது. கரடி ‘மும் மும்’ என்று உறுமுகிறது. பாம்பு ‘சி’ என்று சீறுகிறது.

இப்படி ஒரு வழி தேவைப்பட்டதற்குக் காரணம், ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பதே. பீ, ஏ, டீ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பேட்’ என்ற சொல் பிறப்பதில்லை. பெயரை விட்டு ஒலியைக் கற்பிக்க வேண்டும் என்று 1527இலேயே ஜெர்மனியில் வாலன்டின் இக்கெல்சாமர் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். தமிழ் நெடுங்கணக்கில் இந்தத் தொல்லை குறைவு. ‘க’ என்பதே பெயரும் ஒலியும். எனவே தமிழ்ப் பாடநூல் விலங்கின் குரலைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அணில், ஆடு என்று பெயரின் முதலொலியே அதற்குப் போதுமானதாயிற்று.

விலங்கின் குரலில் எழுத்து இருக்கிறதா என்பது மெய்யியலில் பழைய வழக்கு. அரிஸ்டாட்டில் இல்லை என்ற பக்கம் நின்றார். விலங்கின் ஒலி வலியையோ இன்பத்தையோ புலப்படுத்தலாம். ஆனால் பெயர் என்பது மனிதர் தமக்குள் ஒப்புக்கொண்ட வழக்கு, ஆகவே எந்த விலங்கொலியும் பெயராகாது என்பது அவர் வாதம். கி.பி. 500ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் இலத்தீன் இலக்கணம் கற்பித்த பிரிஷியன் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். ஒலிகளில் சில பொருளுடையவை, சில பொருளற்றவை. சில எழுதத்தக்கவை, சில எழுத இயலாதவை. மனிதனின் முனகல் பொருளுடையது, ஆனால் எழுத வராது. காக்கையின் ‘க்ரா’வும் தவளையின் ‘கோவாக்ஸ்’ஸும் நேர்மாறு: எழுதலாம், பொருள் இல்லை. கொமேனியுஸின் அரிச்சுவடி முழுவதும் இந்தக் கடைசிப் பிரிவில்தான் குடியிருக்கிறது. வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அதுவே தோதான இடம். பொருளின் சுமை இல்லாமல் ஒலியை மட்டும் கையாளலாம்.

கொமேனியுஸ் சமயத் துறவியல்லர். ஆனால் ‘சகோதரர் ஐக்கியம்’ என்னும் சீர்திருத்த சபையின் ஆயர். கத்தோலிக்க அரசின் ஒடுக்குமுறையால் 1628இல் நாட்டைவிட்டு வெளியேறி, திரும்பாமலேயே 1670இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தவர். உலகம், மனித மனம், திருமறை ஆகிய மூன்றும் கடவுள் எழுதிய மூன்று நூல்கள் என்பது அவர் கோட்பாடு. புலனுக்கு எட்டாதது அறிவுக்கும் எட்டாது என்பதால், உலகம் என்ற நூலைக் குழந்தை முதலில் புரட்ட வேண்டும். ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ஸின் முன்பக்கத்தில் ஆதியாகமத்தில் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிடும் பகுதி அச்சாகியிருப்பது இதனால்தான். ஆனால் அரிச்சுவடி அந்தக் காட்சியைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஆதாம் விலங்குகளுக்குச் சொல் கொடுத்தான். இங்கே விலங்குகள் குழந்தைக்கு ஒலி கொடுக்கின்றன. இந்த ஒலிகளை விலங்குகள் உண்டாக்க அறிந்திருக்கின்றன, உன் நாக்கு அவற்றைப் பின்பற்ற அறிந்திருக்கிறது, உன் கையால் அவற்றை வரைய முடியும் என்ற கருத்தில் ஆசிரியர் சிறுவனிடம் பேசுகிறார். உண்டாக்கும் அறிவு விலங்கிடம், பின்பற்றும் அறிவு மாணவனிடம்! பதினேழாம் நூற்றாண்டு ஆயர் ஒருவரிடம் இதை எளிதில் எதிர்பார்க்க முடியாது. அந்த வரிசையில் வீசும் காற்றும் இருக்கிறது, அழும் கைக்குழந்தையும் இருக்கிறது. படிக்கும் பிள்ளை தன்னினத்தையும் அந்தக் கூட்டத்தில் காணலாம்.

இயற்கை தரும் ஒலி எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்ற மறுப்பு உடனே எழும். அப்படி ஒன்றாக இல்லை. பிரிஷியனுக்கு ‘க்ரா’ என்ற காக்கை கொமேனியுஸுக்கு ‘ஆ’, தமிழ்க் காதுக்கு ‘கா’. ஜெர்மன் சேவல் ‘கிகெரிகி’ என்கிறது, தமிழ்ச் சேவல் ‘கொக்கரக்கோ’. பறவை ஒன்றுதான்; கேட்பவரின் மொழி தன் எழுத்துக்குள் அடங்குவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அரிஸ்டாட்டில் சொன்ன வழக்கு, குரலைக் கேட்கும் காதிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

விலங்கைப் பற்றிய செய்திகளிலும் நூல் தடுமாறுகிறது. ஆடு, மாடு, பறவைகளோடு ஒற்றைக்கொம்புக் குதிரையும் மூச்சால் கொல்லும் சிறகுப் பாம்பும் அதில் உண்மை விலங்குகளாகவே வருகின்றன. வாசிப்புப் பயிற்சிக்கு இதனால் கேடில்லை. பொய்யான வாக்கியத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். ஆனால் கண்ட பொருளிலிருந்தே சொல்லுக்குப் போக வேண்டும் என்றவர், எவரும் காணாத விலங்கைப் படமாக்கி நம்பச் செய்தார். கற்பிப்பவரின் கொள்கைக்கு இது உண்மையான அடி.

எல்லா எழுத்துக்கும் இந்த முறை ஒரே அளவில் பொருந்துவதுமில்லை. பிளேட்டோவின் ‘தியைடெடஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்துகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அசையை விளக்கலாம், அதன் உறுப்பான எழுத்தை விளக்க முடியாது என்ற கொள்கையை ஆராயும்போது, ‘ஸ்’ என்பது நாக்கின் வெறும் சீறல் என்றும், ‘ப்’ போன்றதற்கு அந்த ஓசைகூடக் கிடையாது என்றும் தியைடெடஸ் சொல்கிறான். மெய்யெழுத்து அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்று தொல்காப்பியம் வகுத்ததும் இதே இயல்பைப் பற்றித்தான். பாம்பின் சீறலை நீட்டிக்கொண்டே போகலாம். கரடியின் மகர முனகலையும் அப்படியே. ஆட்டுக்குட்டியின் ‘பே’யிலிருந்து உயிரைக் கழற்றினால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பாம்பு தருவது எழுத்து, ஆடு தருவது அசை. எழுத்தைவிட அசையே தெளிவாக அறியப்படும் என்ற கொள்கையைச் சாக்ரடீஸ் கடைசியில் மறுக்கும்போது, அவர் சான்றாகக் காட்டுவது படிக்கக் கற்ற சிறுவனின் அனுபவத்தை: எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணாலும் காதாலும் பிரித்தறியத்தான் அவன் ஓயாமல் முயன்றுகொண்டிருந்தான் என்கிறார்.