துணிவும் சூதும்

நாம் அன்றாடம் பேசும் பேச்சில், சூதாடும் களத்திலிருந்து வந்து குடியேறிய சொற்கள் பல உண்டு. பிறர் கையில் கருவியாகிப் போனவனைப் பகடைக்காய் என்கிறோம். தீக்குள் புகுந்து குழந்தையை மீட்டவன் உயிரைப் பணயம் வைத்தான் என்கிறோம். எதிர்பாராமல் நல்ல வேலை வாய்த்தவனுக்கு லாட்டரி அடித்தது என்கிறோம். கள்ளமற்றவனைச் 'சூதுவாது அறியாதவன்' என்னும்போது மட்டும் தமிழ், அச்சொல்லின் உண்மை முகத்தைக் காட்டிவிடுகிறது. மற்ற இடங்களிலெல்லாம் துணிவுக்கும் சூதுக்கும் ஒரே உடையை அணிவித்து விடுகிறோம். சொல்லில் நேர்ந்த இக்கலப்பு வாழ்விலும் நேர்ந்துவிடுமாயின் என்ன ஆகும்?

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ளது வாலிகண்டபுரம். 1751ஆம் ஆண்டில், ஆர்க்காட்டு நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் முகம்மது அலியும், பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளின் துணையோடு இவ்வூர்ப் பக்கத்தில் மோதினர். அவர்கள் வைத்து ஆடிய பணயம் நாடு. படைகள் நடந்த மண்ணோ உழவனுடையது. பிறர் பொருளைப் பணயமாக வைத்து ஆடுவது சூதின் முதல் இலக்கணம் என்பதற்கு இவ்வட்டாரத்து வரலாறே சான்று எனலாம்.

வானம் பார்த்த அந்தப் பூமியில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. இந்திய வேளாண்மை, பருவமழையோடு ஆடும் சூதாட்டம் என்று பொருளாதார நூல்கள் நெடுங்காலமாக எழுதி வந்துள்ளன. உழவனைச் சூதாடியாக்கும் இவ்வழக்கை நாம் ஏற்கலாமா? அவன் விதை வெங்காயத்தை விலைகொடுத்து வாங்கி ஊன்றுகிறான், களையெடுக்கிறான், அறுத்த பின் விலை படுத்துவிட்டால் பட்டறை போட்டுக் காத்திருக்கிறான். மழை பிழைக்கலாம், காய் அழுகலாம், சந்தை சரியலாம். ஆயினும் அவன் தோற்றால் அத்தோல்வியைத் தின்று கொழுக்க எதிரே ஒருவன் அமர்ந்திருக்கவில்லை. அவன் வென்றாலோ பல வீடுகளில் குழம்பு மணக்கிறது. சூதாடுபவனின் கையில் வந்த காசு மற்றொருவன் வீட்டு உலையிலிருந்து எடுத்தது. இருவர் முன்னும் நிற்பது நிச்சயமின்மைதான். அதன் முன் அவர்கள் செய்வது வேறு.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவற்றின் பாவமோ பயனைவிடப் பெரிது என்கிறது. ஐந்தாம் அத்தியாயம், அவை பகையை விதைத்து இறைநினைவைத் தடுப்பவை என்று காரணமும் கூறுகிறது. 'மைசிர்' என்னும் அரபுச் சொல்லை, எளிமை எனப் பொருள்படும் 'யுஸ்ர்' என்பதோடு உறவுபடுத்திய உரையாசிரியர்கள் உண்டு. உழைப்பின்றி எளிதில் வருவது என்பது கருத்து. வள்ளுவரும் 93ஆம் அதிகாரத்தில் கள்ளையும் 94ஆம் அதிகாரத்தில் சூதையும் அடுத்தடுத்து வைத்தார். இரு மரபுகளும் இவ்விரண்டையும் ஒரே திண்ணையில் அமர்த்தியது தற்செயலன்று. இரண்டுமே மனிதனின் கணக்கை மயக்குபவை. 'வா, சூதாடுவோம்' என்று தோழனை அழைத்தவன், அவ்வாறு சொன்னதற்காகவே தருமம் செய்யட்டும் என்பது நபிமொழி. ஆடிய பின்னர் அன்று; சொன்ன அளவிலேயே பரிகாரம். சொல் எத்துணைப் பாரமானது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமா?

நம் காலத்தில் சொற்கள் எதிர்த்திசையிலும் புரண்டன. 1968இல் தமிழக அரசே பரிசுச்சீட்டைத் தொடங்கியபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கம் சூதுக்குத் தொண்டின் பெயரைச் சூட்டியது. இடையில் நின்று மீண்டும் வந்த லாட்டரி, 2003இல் தடைசெய்யப்பட்டது. பின்னர் சீட்டாட்டம் கைப்பேசிக்குள் புகுந்து 'திறமை ஆட்டம்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2022இல் தமிழகம் தடைச்சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றுக்குத் தடை பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா வாய்ப்பா என்ற வேறுபாடின்றி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமை இருப்பதால் மட்டும் ஒரு செயல் தூய்மையடையாது. பூட்டை உடைக்கவும் திறமை வேண்டும்.

'வணிகமும் ஒருவகைச் சூதுதானே?' என்று கேட்பவர் உண்டு. மரத்தில் பழம் பக்குவமடையுமுன் விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இறைவன் அப்பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எதன் பேரில் எடுப்பாய் என்பது அதன் நியாயம். முளாரபா என்னும் கூட்டு வணிகத்தில் நட்டம் வந்தால் முதல் போட்டவர் முதலை இழக்கிறார். உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். இழப்பு வருமென்பதை மார்க்கம் மறுக்கவில்லை. அதை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவதையே மறுக்கிறது.

எனினும் கோடு எப்போதும் தொழிலுக்கும் தொழிலுக்கும் இடையே ஓடுவதில்லை. ஒரே மனிதனின் நெஞ்சுக்குள்ளும் ஓடுகிறது. சென்ற ஆண்டு விலை ஏறியது கண்டு, வட்டிக்கு வாங்கி, மகளின் திருமணத்துக்கு வைத்ததையும் சேர்த்து, இருக்கும் நிலம் முழுவதிலும் வெங்காயமே ஊன்றுகிறவன் உழவனா, ஆட்டக்காரனா? லெப்பைக்குடிக்காடும் வி.களத்தூரும் சபுர் போனவர்களால் தழைத்த ஊர்கள். அப்பயணங்கள் துணிவே. ஆனால் விசாரித்தறியாத ஒரு முகவரின் வாய்ச்சொல்லை நம்பி, மனைவியின் நகையை அவள் மனம் ஒப்பாமலே விற்று விமானம் ஏறுவது துணிவன்று. நகை அவளுக்குரியது. பணயம் வைக்க அவனுக்கு உரிமையில்லை.

ஆகவே, ஒரு முயற்சியில் இறங்குமுன் மூன்று வினாக்கள் போதும். இதில் என் உழைப்பு எவ்வளவு? என் ஆதாயம் யாருடைய கண்ணீர்? நான் வைப்பது என்னுடையதா, என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமா? இவற்றுக்கு நேரிய விடை இருக்குமானால், பின்னர் வருவது ஆதாயமாயினும் நட்டமாயினும் அவன் சூதாடியல்லன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கயிற்றையும் விற்றுவிட்டு அதிர்ஷ்டத்தை நம்புகிறவன், அதற்குத் தவக்குல் என்று பெயரிடாதிருப்பானாக.