மண்டையோடும் பழியும்

இறந்தோர் பொருட்டு எடுக்கப்படும் பழி இறந்தோரைக் கௌரவிக்கின்றதா? 1607 ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி அச்சேறிய 'பழிவாங்குவோன் துன்பியல்' எனும் ஆங்கில நாடகம் இவ்வினாவை எழுப்புகின்றது. முன்னர் சிரில் டேர்னருக்கும், இன்று ஆய்வாளர் பெரும்பாலோரால் தோமஸ் மிடில்ரனுக்கும் உரித்தாக்கப்படும் இந்நாடகத்தின் மையக் குறியீடு ஒரு மண்டையோடாகும்.

தன் இச்சைக்கு இணங்காத குளோரியானாவை முதிய கோமகன் நஞ்சூட்டிக் கொன்றான். அவளை மணக்கவிருந்த விண்டிசே ஒன்பது ஆண்டுகளின் பின்னரும் அவளது மண்டையோட்டைப் பேணி வருகின்றான். தொடக்கத்தில் அது நிலையாமையை உணர்த்தும் படிமமாகவும் அன்பின் எச்சமாகவும் விளங்குகின்றது. மூன்றாம் அங்கத்திலோ, அவன் அதற்கு ஆடை அணிவித்து, வாயில் நஞ்சு பூசி, நாணமுற்ற நங்கையெனக் கூறி, இருளிலே கோமகன் முத்தமிட அளிக்கின்றான்.

நஞ்சிட்டவன் நஞ்சுக்கே இரையானான். இது நீதியின் நிறைவு என்பர் சிலர். ஆயின், எவனுக்கு இணங்க மறுத்து அவள் உயிர் துறந்தாளோ, அவனிடமே அவளை ஒப்படைத்தவன் அவளது காதலன். உயிருடன் இருந்த குளோரியானா மறுத்தாள். மண்டையோட்டுக்கு மறுக்க நாவில்லை. நினைவுச்சின்னம் இங்கே கருவியாகிவிடுகின்றது.

இறுதியில் விண்டிசே தன் செயலைத் தானே பெருமிதத்துடன் வெளியிடுகின்றான். அவன் தன்னையும் கொல்லக்கூடுமெனக் கருதும் புதிய ஆட்சியாளன் அந்தோனியோ அவனுக்கு மரணதண்டனை விதிக்கின்றான். குளோரியானாவுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதியை மேடையில் எவரும் வினவுவதில்லை. அதனை வினவும் கடமை அவையோருக்கே உரியது.