பாடல் யாருக்குச் சொந்தம்?

நாட்டார் பாடல்களை ஓர் இனத்தின் சொத்து என்று பெருமையுடன் பேசுகின்றோம். சொத்து என்றதும் உரிமை வழக்கும் உடன் பிறந்துவிடுகின்றது. 1864ஆம் ஆண்டில் ஹங்கேரிய இலக்கிய உலகில் எழுந்த வழக்கு அத்தகையது. அது நடந்தது நீதிமன்றத்திலன்று, பத்திரிகைகளில்.

யானோஷ் கிரிஸா (1811-1875) திரான்சில்வேனியாவின் யூனிற்றேரியன் சபைக் குரு. 1861இல் அதன் பிஷப்பானவர். சேகெய் மக்களின் பாடல்களையும் கதைகளையும் நூலாக்கும் எண்ணம் 1840களிலேயே அவருக்கு இருந்தது. சந்தாதாரர் போதியளவு சேரவில்லை. 'காட்டு ரோஜாக்கள்' 1863இலேதான் கொலோஷ்வார் நகரில் அச்சேறிற்று. ஊரூராக அலைந்து அவர் தனியொருவராய்த் திரட்டியதன்று அது. ஆசிரியரும் போதகரும் கேட்டெழுதி அனுப்பியவையே அதிற் பெரும்பாலானவை. (ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனை ஓரளவு செருக்கோடு குறிப்பிடுவதில் தவறில்லை.) கிராமத்துப் பேச்சுவழக்கைத் திருத்தாமலே பதிப்பித்தமை கிரிஸாவின் நேர்மைக்குச் சான்று.

மறு ஆண்டே, அந்நூலின் கதைப்பாடல்கள் இரண்டு ருமேனியப் பாடல்களின் மொழிபெயர்ப்பே என்று யூலியான் குரோசெஸ்கு என்னும் ருமேனியர் குற்றஞ்சாட்டினார். ஹங்கேரிய அறிஞர் கொதித்தெழுந்தனர். திருடியவர் எவர் என்பதே பேச்சாயிற்று.

அவற்றுள் ஒன்று கொத்தன் கெலெமெனின் மனைவியைப் பற்றியது. வெள்ளியும் பொன்னும் கூலியாகப் பேசிப் பன்னிரு கொத்தர் டேவாக் கோட்டையைக் கட்டுகின்றனர். எழுப்பிய மதில் நின்றபாடில்லை. முதலில் வந்துசேரும் மனைவியை எரித்து, அவள் சாம்பலைச் சுண்ணாம்பிற் கலப்பதென உடன்படுகின்றனர். வருபவள் கெலெமெனின் மனைவி.

இதே கதை சேர்பியரிடம் ஸ்காடார் கோட்டையாகவும், கிரேக்கரிடம் ஆர்ட்டாப் பாலமாகவும், ருமேனியரிடம் ஆர்ஜெஷ் மடாலயமாகவும் வழங்குகின்றது. ஆகவே திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடல்கள் எல்லைக் காவலரிடம் அனுமதி பெற்றுப் பயணஞ் செய்பவையல்ல. ஆயினும் அப்பாடம் எளிதிற் படியவில்லை. ருமேனிய நாட்டாரிசையை ஆராய்ந்து எழுதியமைக்காக 1920இல் பேலா பார்டொக் தேசப்பற்றற்றவர் என்று சொந்த நாட்டிலேயே சாடப்பட்டார்.

எமக்கு உறுத்துவது வேறொன்று. பாடல் எமதா உமதா என்ற ஆரவாரத்தில், அப்பாடல் எவளுக்காக அழுகின்றதோ அவள் மறக்கப்பட்டாள். இரு தரப்பாரும் உரிமை கொண்டாடியது ஒரு பெண்ணின் சாம்பலால் நின்ற மதிலை. அவளைப் பலியிட்டவர்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்களல்லர். கூலிக்கு வந்த தொழிலாளர். கெலெமெனே தன் மனைவி திரும்பிப் போய்விட வேண்டுமென்று இறைவனை வேண்டுகின்றான். ஆனால் உடன்படிக்கையை மீறத் துணிகின்றானில்லை. அந்தக் கோட்டை எவனுக்காக எழுந்ததோ, அவன் பாடலில் முகங்காட்டுவதேயில்லை.