கற்றுக்கொடுக்காத ஆசிரியர்கள்

இன்ஸ்டாகிராமில் படம் வரைகிறவர்களின் பக்கங்களைத் திறந்தால், பெயருக்குக் கீழே அடிக்கடி ஒரு வரி தென்படும்: செல்ஃப்-டாட் ஆர்ட்டிஸ்ட். ஓவியக் கல்லூரிப் பக்கம் போகாதவர், பகலில் வேறு வேலை பார்க்கிறவர், ராத்திரி டேப்லெட்டில் வரைகிறவர் என்று அதற்குப் பொருள். பொறியியல் படித்து, மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கும் அந்த வரி பொருந்தும். ஆனால் போட்டுக்கொள்ள மனசு வந்ததில்லை. 'தானாகவே கற்றேன்' என்று சொல்லும்போது யாருடைய பெயரை அழிக்கிறோம் என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

நான் இருப்பது மணவூரில். ரயிலில் அரக்கோணம் பக்கம் அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. அந்த ஊர்ப் பெயரால் அறியப்படும் சோழர் கால நடராஜர் வெண்கலம் ஒன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிஜிட்டல் ஓவியம் பழகத் தொடங்கிய நாட்களில் அந்தச் சிலையின் புகைப்படத்தை வைத்துக்கொண்டுதான் திரும்பத் திரும்ப வரைந்தேன். வெண்கலம் என்றால் பழுப்பு என்று மனசு சொல்லும். கலர் பிக்கரைப் படத்தின் மேல் வைத்தால் நிழல் விழுந்த இடத்தில் பச்சையும் சாம்பல் நீலமும் வரும். அதனால் பிக்கரை முதலில் தொடுவதில்லை என்று பழக்கிக்கொண்டேன். கண்ணால் ஊகித்து நிறம் வைக்க வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும். பிக்கரை வைத்தே வரைந்தால் படம் சரியாக வந்துவிடும், ஆனால் கண் ஒன்றும் கற்றிருக்காது.

இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனாலும் ஆசிரியர்களை எண்ணினால் வரிசை நீள்கிறது. சிலையை வார்த்தவர், அதன் பெயர் தெரியாத ஸ்தபதி. அதைப் புகைப்படம் எடுத்தவர். நான் வரைகிற கிருத்தா என்ற மென்பொருளை எழுதி, இலவசமாகக் கொடுத்து, அதன் நிரலையும் திறந்து வைத்திருக்கிறவர்கள். தன் 'பெப்பர் அண்ட் கேரட்' காமிக்ஸின் மூலக் கோப்புகளை, யார் வேண்டுமானாலும் லேயர் லேயராகப் பிரித்துப் பார்க்கட்டும் என்று வெளியிடும் பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவாய். இவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

இப்படிக் கற்பது இணையத்தோடு பிறந்த பழக்கமும் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. இதே திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படங்களில்தான் பார்த்தார். பார்த்து மலைத்து எழுதிய கட்டுரை அவர் இறந்தபின் 1921-இல் அச்சானது.

இன்னும் நெருக்கமான உதாரணம் ரவி வர்மா. 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்த ஓவியர் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார், அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் காட்டிக்கொடுத்தார் என்று அவருடைய வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரத் தயாராக இல்லை. வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மா நின்று பார்த்தார். பிறகு அவரே 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தன் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாக அனுப்பினார். காலண்டர் ஓவியர்கள் அவரைப் பார்த்துப் போட்டார்கள். பார்த்துக் கற்றவர், பிறர் பார்த்துக் கற்பதற்கான ஆளாக ஆனார்.

இந்த இடத்தில்தான் ஆபீஸில் ஒரு நண்பன் என்னை மடக்கினான். படம் உருவாக்கும் ஏஐ பற்றிப் பேச்சு வந்தது. 2022-இல் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன், இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களை வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டது. வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அது தப்பு என்றேன்.

"நீயும் நெட்ல படம் பார்த்துதானே கத்துக்கிட்ட? யார்கிட்ட பர்மிஷன் கேட்ட? உனக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயமா?"

சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. மனிதனுக்கு ஆன்மா உண்டு, இயந்திரத்துக்கு இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பதில் ஆகாது. அளவு வேறு என்பதும் பாதிப் பதில்தான். அனுமதி இல்லாமல் பார்த்தது தப்பு என்றால், ஆறுமுகம் பிள்ளையிடம் ரகசியமாகக் கற்றதும் தப்பாகிவிடும்.

எனக்குத் தெளிவு ஏகலைவன் கதையில் கிடைத்தது. அந்தக் கதையில் எல்லோருக்கும் கட்டைவிரல்தான் ஞாபகம். அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது. காட்டில் பாண்டவர்கள் 'நீ யார்?' என்று கேட்கிறார்கள். அவன் 'துரோணரின் சீடன்' என்கிறான். தன்னை விரட்டிய ஆளின் பெயரைச் சொல்கிறான். செல்ஃப்-டாட் என்று சொல்லியிருந்தால் விரல் தப்பியிருக்கும்.

துரோணர் செய்தது அநியாயம். கற்றுக்கொடுக்காதவருக்குக் கூலி கேட்கும் உரிமை கிடையாது. ஆனால் அவருடைய அநியாயம் ஏகலைவனின் வார்த்தையைப் பொய்யாக்கிவிடவில்லை. கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது வேறு, அதை யார் எப்படி வசூலிக்கலாம் என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், விரலுக்குப் பயந்து கடனையே மறைக்கத் தோன்றும்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: பார்த்துக் கற்பது யாருக்கும் தப்பில்லை, கற்றபின் 'யாரிடம்?' என்ற கேள்விக்கு நிற்க வேண்டும். மாடலால் நிற்க முடியாது, அது கருவி. அதைக் கட்டி விற்கும் நிறுவனத்தால் முடியும். யாருடைய படங்கள் என்று சொல்லலாம், வேண்டாம் என்றவரை விலக்கலாம், வரும் பணத்தில் பங்கு தரலாம். பிழைப்புக்காக வரைகிறவர்களுக்கு இது தத்துவப் பிரச்சினை இல்லை, அடுத்த மாத வாடகை. அவர்களுடைய பாணியையே எடுத்து, அவர்களுக்கு வரவேண்டிய வேலையை மலிவாகச் செய்துவிட்டு, 'இயந்திரம் தானே கற்றது' என்கிறார்கள்.

ஆனால் அந்த வாக்கியம் எங்கோ கேட்ட மாதிரி இல்லை? பொழுதுபோக்கு ஓவியர்களான நாம் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்கிற வரியும் அதுதானே? நம்முடையது சின்ன அழிப்பு, யார் சோற்றிலும் மண் விழவில்லை. இருந்தாலும் நிறுவனத்திடம் கணக்குக் கேட்கப் போகிறவர்கள் கையில் சொந்தக் கணக்கு எழுதியிருப்பது நல்லது.

எழுதுவது கஷ்டமும் இல்லை. எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தோம், யாருடைய பிரஷ், டிரேஸ் செய்ததா இல்லையா என்று இரண்டு வரி. ஐபிஸ்பெயிண்ட் மாதிரியான ஆப்கள் நாம் வரைவதைத் தாமே வீடியோவாகப் பதிந்து வைக்கின்றன. முடிந்த படத்தோடு அதையும் போடலாம். அழித்த கோடுகள், மூன்று முறை மாற்றிய கை எல்லாம் அதில் தெரியும், தெரியட்டும். அம்மாவின் பழைய போனில் விரலால் வரைந்து பழகும் ஏதோ ஒரு பொண்ணுக்கு, முடிந்த படத்தைவிட அந்த அழித்த கோடுகள்தான் பாடம். அவளுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டியதில்லை.

என் நடராஜருக்குக் கீழே நான் எழுதுவது: 'திருவாலங்காடு வெண்கலம், எழும்பூர் அருங்காட்சியகம். புகைப்படம் பார்த்து வரைந்தது, டிரேஸ் இல்லை. கிருத்தா. வார்த்தவர் பெயர் தெரியவில்லை.'